காத்துல ஆடாத கண்ணு: டிரோனுக்கு எந்த கிம்பல்?

போன வாரம் அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். கல்யாண வீடியோ எடுக்கிறவர். உதிரி பாகங்களை வாங்கி சொந்தமா டிரோன் ஒண்ணு கட்டியிருக்கார். "அண்ணாச்சி, அம்மா சங்கிலிய அடகு வச்சு 25,000 ரூபா வாங்கியிருக்கேன். ரெண்டு ஆக்சிஸ் கிம்பல் போதுமா, மூணு ஆக்சிஸ் வேணுமா? ஒரு தடவைதான் வாங்க முடியும்"னு கேட்டிருக்கார். அவருக்கான பதில்தான் இன்னைக்கு எபிசோடு.

வெளிநாட்டு டிரோனை முழுசா இறக்குமதி பண்றதுக்கு 2022 பிப்ரவரி 9-ல மத்திய அரசு தடை போட்டுச்சு. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. அதனால நம்ம பக்கம் பல பேர் தானே கட்டிக்கிறாங்க. ரெடிமேட் டிரோன்ல கிம்பல் கூடவே வந்துரும். நாம கட்டுறதுல அதை நாமதான் பார்த்துத் தேர்ந்தெடுக்கணும். தப்பு நடக்கிற இடமும் அதுதான்.

நான் பண்ணின தப்பை முதல்ல சொல்லிடுறேன். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. குறுக்குத்துறை முருகன் கோயில் தண்ணிக்குள்ள. ஸ்ரீவைகுண்டத்துல ரயிலே நின்னுபோச்சு. தண்ணி வடிய ஆரம்பிச்சதும் அந்தப் பக்கத்து விவசாயி ஒருத்தர் கூப்பிட்டார். குளத்துக் கரை எங்க உடைஞ்சுது, வாழைத் தோட்டத்தை மணல் எவ்வளவு தூரம் மூடியிருக்குன்னு மேலருந்து எடுத்துத் தரணும். அதிகாரிங்ககிட்ட காட்டுறதுக்கு.

அப்ப என்கிட்ட இருந்தது ரெண்டு ஆக்சிஸ் கிம்பல். 'காசு மிச்சம்'னு வாங்கினது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தா, படம் இடமும் வலமும் வெட்டி வெட்டி இழுக்குது. அது போதாதுன்னு படம் முழுக்க அல்வா மாதிரி தளதளன்னு ஆடுது. உடைப்பு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு ஒண்ணும் தெரியலை. மறுநாள் திரும்பப் போறதுக்குள்ள ஜேசிபி வந்து கரையை அடைச்சுட்டாங்க. அவர் "பரவால்ல தம்பி"ன்னு மட்டும் சொன்னார். அந்தப் பரவால்ல இன்னும் காதுல இருக்கு.

அந்தப் படத்துல இருந்தது ஒரு கோளாறு இல்லை, ரெண்டு. ரெண்டுக்கும் மருந்து வேற வேற.

முதல் கோளாறு, இடவல வெட்டு. கிம்பல்ல ஒவ்வொரு ஆக்சிஸுக்கும் ஒரு மோட்டார். கேமரா எந்தப் பக்கம் சாயுதுன்னு சென்சார் சொல்லும், மோட்டார் எதிர்ப்பக்கம் திருப்பும். ரெண்டு ஆக்சிஸ் கிம்பல் முன்பின் சாய்வையும் பக்கச் சாய்வையும் பார்த்துக்கும். டிரோன் தலையைத் திருப்பினா, அதைத் தடுக்க அங்க மோட்டார் கிடையாது. அதுக்குத்தான் மூணாவது ஆக்சிஸ்.

நம்ம ஊருக்கு இது ஏன் முக்கியம்? காத்து. ஆனி, ஆடியில செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா தென்மேற்குக் காத்து பாய்ஞ்சு வரும். முப்பந்தல், பணகுடி, கயத்தாறுன்னு காத்தாடி நட்டு வச்சிருக்கிறது சும்மா இல்லை. அந்தக் காத்துல ஒரே இடத்துல நிக்கணும்னாலே டிரோன் காத்தைப் பார்த்துச் சாய்ஞ்சுதான் நிக்கும். ஒவ்வொரு வீச்சுக்கும் தலை ஒரு வெட்டு வெட்டும். வீடியோ எடுக்கிறவருக்கு அங்க மூணு ஆக்சிஸ்தான் வேணும். நேரா கீழே பார்த்து வயலை ஸ்டில் போட்டோவா எடுக்கிறவருக்கு ரெண்டு ஆக்சிஸே போதும்.

ரெண்டாவது கோளாறு, அந்த அல்வா ஆட்டம். இதுக்கு மூணு ஆக்சிஸும் மருந்தில்லை. கேமரா சென்சார் படத்தை மேல்வரியில இருந்து கீழ்வரி வரைக்கும் வரிவரியாத்தான் படிக்கும். படிச்சு முடிக்கிறதுக்குள்ள இறக்கையோட அதிர்வு கேமராவுக்கு வந்துட்டா ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு இடத்துல விழும். இவ்வளவு வேகமான அதிர்வை கிம்பல் மோட்டாரால பிடிக்க முடியாது. முதல்ல இறக்கையை பேலன்ஸ் பண்ணுங்க, லேசான பக்கத்துல சின்னதா ஒரு டேப் துண்டு ஒட்டினாலே போதும். விளிம்பு சிதைஞ்ச இறக்கையைத் தூக்கிப் போட்டுருங்க. அடுத்து, கிம்பலைத் தாங்குற ரப்பர் பந்துகள். ரொம்ப கெட்டியா இருந்தா அதிர்வை அப்படியே கடத்தும், ரொம்ப மெதுவா இருந்தா கேமரா தொங்கி ஆடும். எடைக்கு ஏத்தது வேணும்.

இன்னொண்ணு, வெயில். நம்ம ஊர் உச்சி வெயில்ல ஷட்டர் 3,000-ல ஒரு பங்கு நொடிக்கெல்லாம் போயிரும். அப்ப ஒவ்வொரு நடுக்கமும் கூர்மையாப் பதிவாகும். லென்ஸ் முன்னால என்டி ஃபில்டர் போட்டு ஷட்டரை 50-ல ஒரு பங்கு நொடி பக்கத்துக்குக் கொண்டு வந்தா படம் மெதுவாயிரும். ஆனா ஃபில்டர் மாட்டினா கேமரா முன்பக்கம் கனக்கும். கிம்பலைத் திரும்பவும் பேலன்ஸ் பண்ணணும். கரண்ட் கொடுக்காமலே கேமராவை எந்தக் கோணத்துல விட்டாலும் அப்படியே நிக்கணும். நிக்கலேன்னா மோட்டார் முழு நேரமும் மல்லுக்கட்டிச் சூடாகும்.

சரி, எடை. டிரோன் அந்தரத்துல நிக்கிறதுக்கு ஆகுற சக்தி, எடை கூடுறதைவிட வேகமாக் கூடும். கேமராவோட 1,500 கிராம் இருக்கிற டிரோன் 20 நிமிஷம் பறக்குதுன்னு வைங்க. 200 கிராம் கிம்பல் மாட்டினா சக்தி சுமார் 20 சதவீதம் கூடும், பறக்கிறது 16, 17 நிமிஷமாக் குறையும். அதுல இறங்குறதுக்கு ரெண்டு மூணு நிமிஷம் கையில வச்சுக்கணும்.

எடைக்குச் சட்டமும் உண்டு. 2021 டிரோன் விதிகள்ல கணக்கு, மேல ஏத்தின சாமானையும் சேர்த்த மொத்த எடைக்குத்தான். 250 கிராம் வரைக்கும் நானோ, அதுக்கு மேல 2 கிலோ வரைக்கும் மைக்ரோ. 1,900 கிராம் டிரோன்ல 200 கிராம் கிம்பல் மாட்டினா வகையே மாறிப் போகும். தம்பி, நீங்க கூலிக்குப் பறக்கவிடுறவர். மைக்ரோவா இருந்தாலும் பைலட் சான்றிதழ் வேணும். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தையும் பார்த்துக்கோங்க. நம்ம மாவட்டத்துல கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ, விஜயநாராயணம் கடற்படைத் தளம் இருக்கு. உங்க ஊருக்கு மேற்கால முண்டந்துறை புலிகள் காப்பகம். அழகா இருக்குன்னு அங்கெல்லாம் ஏத்திறக் கூடாது.

இப்ப நேரடி பதில். கல்யாண வீடியோவுக்கு மூணு ஆக்சிஸ். ஆனா பணத்தை எடுக்கிறதுக்கு முன்னால ஒரு வேலை செய்யுங்க. வாங்கப் போற கிம்பலோட எடைக்குச் சமமா மணலை ஒரு பையில கட்டி, டிரோன் வயித்துல கெட்டியாக் கட்டுங்க. ஆள் இல்லாத வெட்டவெளியில, காத்து வீசுற சாயங்காலம் பறக்கவிட்டு, எத்தனை நிமிஷம் தாங்குது, மோட்டார் சூடாகுதான்னு பாருங்க. டிரோன் தாங்கலேன்னா கிம்பல் வாங்காதீங்க. கேமராவுக்குள்ள இருக்கிற எலக்ட்ரானிக் நிலைப்படுத்தலை வச்சு ஓட்டுங்க. கைரோஃப்ளோன்னு ஒரு மென்பொருள் இலவசமாவே கிடைக்குது. ரெண்டுலயும் படத்தோட ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும், அந்தி வெளிச்சத்துல படம் இழுவும். ஆனா அதுக்குன்னு அடகு வைக்க வேண்டியதில்லை.

டிரோன் தாங்குச்சுன்னா, உங்க கேமரா மாடலுக்குன்னே செஞ்ச கிம்பலா பார்த்து வாங்குங்க. ஒரு மாடலுக்குச் செஞ்சதுல அடுத்த மாடல் சரியா உக்காராது. 25,000-த்தையும் கிம்பல்லயே போட்டுறாதீங்க. கிம்பலோட ரிப்பன் கேபிள் ஒண்ணு, ரப்பர் பந்து ஒரு செட், என்டி ஃபில்டர், ரெண்டு ஜோடி இறக்கை, இதுக்கு ஒரு பங்கு ஒதுக்குங்க. முகூர்த்தத்தன்னைக்குக் காலையில கேபிள் போச்சுன்னா நம்ம ஊர்க் கடையில தேடிக்கிட்டு நிக்க முடியாது. தாலி கட்டுறதும் கரை உடைப்பு மாதிரிதான், மறுநாள் போய் எடுக்க முடியாது.

மணல் பையைக் கட்டிப் பறக்கவிட்டுட்டு எத்தனை நிமிஷம் வந்துச்சுன்னு ஒரு மெசேஜ் போடுங்க தம்பி. சங்கிலியை மீட்டதும் இன்னொரு மெசேஜ். அடுத்த வாரம் பேட்டரி பத்திப் பேசுவோம்.