பூட்டு எண் யார் கையில்?
(பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் பெண்கள் கூட்டத்தில் ஒரு தோழியர் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் கூலி உயர்வைப் பற்றியும் போனஸைப் பற்றியும் விளக்கமாகப் பேசி விட்டார்கள். நான் பேச வந்திருப்பது வீட்டுக்குள் நடக்கிற சங்கதி. "குடும்பச் சண்டையைச் சங்கத்துக்குள் ஏன் இழுக்க வேண்டும்?" என்று பின்வரிசையில் ஒரு தோழர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

2019க்கும் 2021க்கும் இடையில் மத்திய சர்க்கார் தேசியக் குடும்ப நல ஆய்வு ஒன்றை நடத்தியது. தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் உள்ள, கல்யாணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனுடைய வன்முறைக்கு ஆளானவர்கள் என்று அந்தக் கணக்கு சொல்கிறது. அப்படியானால் இந்தப் பந்தலில் எத்தனை பேர்? கையைத் தூக்கச் சொல்லவில்லை. தூக்கினால் யாராவது படம் பிடித்து அவன் போனுக்கே அனுப்பி விடுவான்!

சிரிக்கிறீர்கள். ஆனால் நான் சொல்ல வந்ததே அதுதான்.

எங்கள் பகுதியில் நூல் மில்லில் சைடு பார்க்கிற ஒரு பெண். பேர் வேண்டாம். புருஷன் அடிப்பான். அவள் தன் தாயாருக்கு வாட்ஸ்அப்பில் "நேற்றும் அடித்தார்" என்று ஒரு வரி அனுப்புவாள். அன்று ராத்திரியே அவன் அந்த வரியை அப்படியே திருப்பிச் சொல்லி, "ஆத்தாளிடம் கோள் மூட்டுகிறாயா?" என்று மறுபடி அடிப்பான். அம்மாதான் சொல்லி விட்டாள் என்று நினைத்து, அந்தப் பெண் தாயோடு பேச்சை நிறுத்தினாள். பிறகு பக்கத்து வீட்டுத் தோழிக்கு எழுதினாள். அதுவும் அவனுக்குத் தெரிந்தது. தோழியையும் விட்டாள். ஆறே மாதத்தில் அவளுக்குப் பேச ஓர் ஆள் இல்லை. அவன் விரும்பியதும் அதுதான்.

தாயும் சொல்லவில்லை, தோழியும் சொல்லவில்லை. அவள் அசந்து தூங்கும்போது அவள் போனை எடுத்து, வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்ற இடத்தைத் திறந்து, தன்னிடம் இருந்த இன்னொரு போனோடு முடிச்சுப் போட்டு விட்டான். ஒரு நிமிஷ வேலை. அதன் பிறகு அவளுக்கு வருவது, அவள் அனுப்புவது எல்லாம் அவனிடமும் வரும். ஒரு வாட்ஸ்அப் கணக்கை இப்படி நாலு கருவிகளோடு இணைக்கலாம். இணைத்தவை எவை என்று அதே இடத்தில் பட்டியல் இருக்கும். தெரியாத பேர் அதில் இருந்தால் தொட்டு, வெளியேற்றி விடலாம்.

ஆனால் கண்டதும் வெளியேற்றி விடாதீர்கள்! உங்களுக்குத் தெரிந்து விட்டது என்பது அவனுக்கு அந்த நிமிஷமே தெரிந்து விடும். பிடி நழுவுகிறது என்று தெரிந்தால் அடிக்கிறவனுக்கு ஆத்திரம் இரண்டு பங்காகும். அன்று ராத்திரி போய்ப் படுக்க ஓர் இடம் இருக்கிறதா, விஷயம் தெரிந்தவர்கள் வெளியே ஒருவராவது இருக்கிறார்களா, பிள்ளைகளின் ஆதார் அட்டையும் ரேஷன் அட்டையும் எங்கே இருக்கின்றன — இதையெல்லாம் முதலில் பார்க்க வேண்டும். அதுவரை அந்தப் போன் எப்போதும் போலவே இருக்கட்டும். காலை வணக்கம் படம் அனுப்புங்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எழுதுங்கள். நிஜமான பேச்சு இன்னொருத்தி போனில் நடக்கட்டும். ஷிப்டில் பக்கத்தில் நிற்கிறவள் போன், நடவுக்குக் கூட வருகிறவள் போன், சங்க ஆபீஸ் போன், எதுவானாலும் சரி.

அவசரத்தில் உங்கள் போனிலிருந்தே பேச நேர்ந்தால், அந்த ஓர் அழைப்பை மட்டும் அழியுங்கள். மொத்தப் பட்டியலையும் துடைத்தால் அந்தச் சுத்தமே சந்தேகத்தைக் கிளப்பும்.

பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். விரல் ரேகை வைத்த போனைத் திறக்க, தூங்குகிறவள் விரலை எடுத்து வைத்தால் போதும். எண் பூட்டு நல்லது. பிள்ளையின் பிறந்த தேதியாக இருக்கக் கூடாது. "எண்ணைச் சொல்" என்று கழுத்தில் கை வைக்கிறவனிடம் என்ன செய்வது? சொல்லி விடுங்கள். எண்ணுக்காக உதை வாங்குவது வீரம் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் போனில் அவன் பார்க்கக் கூடாதது ஒன்றும் இல்லாதபடி வைத்துக் கொள்வதே புத்தி.

அடுத்தது நம் கூலி சம்பந்தப்பட்டது. பின்வரிசைத் தோழர் இதைக் கவனிக்க வேண்டும்.

உங்கள் சிம் யார் பேரில் இருக்கிறது? கல்யாணமான புதிதில் அவன் வாங்கிக் கொடுத்தது, அவன் பேரிலேயே இருக்கிறது என்பீர்கள். சம்பளம் பாங்கில் விழுகிறது. விழுந்த செய்தி அந்த எண்ணுக்கு வருகிறது. பி.எப். பணத்துக்கான ஓ.டி.பி. அந்த எண்ணுக்கு வருகிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையும் பாங்குக் கணக்கில்தான் ஏறியது. சிம் அவன் பேரில் இருந்தால், "தொலைந்து விட்டது" என்று கடையில் எழுதிக் கொடுத்து அதே எண்ணில் வேறு சிம் வாங்கிக் கொள்வான். உங்கள் கையில் இருக்கும் சிம் செத்துப் போகும். ஓ.டி.பி. எல்லாம் அவனிடம் போகும். எட்டு மணி நேரம் பஞ்சுத் தூசியில் நின்றது நீங்கள், கணக்கைத் திறக்கிற சாவி அவன் கையில்!

ஆகவே உங்கள் ஆதாரைக் காட்டி உங்கள் பேரில் ஒரு சிம் வாங்குங்கள். பாஸ் புத்தகத்தோடு பாங்குக்கு நேரில் போய் எண்ணை மாற்றுங்கள். பிறகு ஆதாருக்கும் பி.எப்.புக்கும் மாற்றலாம். ஒரு ஜாக்கிரதை: எண்ணை மாற்றும்போது பழைய எண்ணுக்கும் தகவல் போகக் கூடும். போகுமா என்று கவுண்டரில் கேட்டுக் கொண்டு பிறகு கையெழுத்துப் போடுங்கள். பழைய கணக்கைத் தொட முடியாத நிலை என்றால், வேறு பாங்கில் புதுக் கணக்குத் தொடங்கி, சம்பளத்தை அதில் போடும்படி மில்லில் எழுதிக் கொடுக்கலாம்.

போன் வாங்கியபோது கூகிள் கணக்கு போட்டுக் கொடுத்தது யார்? அவனே என்றால் அதன் ரகசியச் சொல்லும் அவனுக்குத் தெரியும். நீங்கள் எடுக்கும் படம், சேர்த்து வைத்த எண்கள், போன் இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்பது வரை அவன் தன் போனிலேயே பார்க்கலாம். வக்கீலைப் பார்க்கப் போகிற அன்று போன் வீட்டிலோ மில்லிலோ கிடக்கட்டும்.

வேவு பார்க்கும் செயலிகளும் உண்டு. அநேகமாகப் போன் அவன் கையில் கொஞ்ச நேரம் இருந்தால்தான் அதை ஏற்ற முடியும். போன் சூடாகிறது, சார்ஜ் நிற்கவில்லை என்பதை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். பழைய பாட்டரியும் அப்படித்தான் செய்யும். சந்தேகம் இருந்தால் தெரிந்தவரிடம் காட்டலாம், அவன் சிநேகிதன் நடத்துகிற கடையில் வேண்டாம். போனை முழுக்க அழித்துப் புதிதாக்கினால் அவன் குற்றத்துக்கான சாட்சியும் சேர்ந்து அழிந்து போகும்.

சாட்சி என்றதும் நினைவுக்கு வருகிறது. அடிபட்ட காயத்தைத் தோழியின் போனில் படம் எடுத்து அவளிடமே வைத்திருக்கச் சொல்லுங்கள். நம் போனில் எடுத்து அழித்தாலும், அழித்த படம் பல நாள் உள்ளேயே தங்கியிருக்கும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லாமல், நடந்ததைச் சொல்லிப் பதிவேட்டில் எழுத வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2024 அக்டோபரில் நம் மதுரைக் கிளை ஐகோர்ட்டில் ஒரு வழக்கு வந்தது. மனைவி யாரோடு பேசினாள் என்ற போன் பட்டியலை அவளுக்குத் தெரியாமல் எடுத்துக் கொண்டு வந்தான் கணவன். கணவன் மனைவிக்குள்ளும் அந்தரங்கம் உண்டு, இதைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றது கோர்ட். ஆனால் 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் வேறொரு விவாகரத்து வழக்கில், ரகசியமாகப் பதிவு செய்த கணவன் மனைவி பேச்சைச் சாட்சியமாக எடுத்துக் கொள்ளலாம் என்று கூறி விட்டது. என் அபிப்பிராயத்தில் இது பெண்களுக்கு நல்லதல்ல. போன் அவன் பிடியில் இருக்கும்போது பதிவு செய்ய வாய்ப்புள்ளவன் அவன்தானே? ஆத்திரத்தில் போனில் சொல்லும் சொல் கோர்ட்டில் ஒலிக்கலாம் என்பதை மனதில் வையுங்கள்.

ஒரு பெண்ணின் இணையப் பழக்கத்தையும் செய்திகளையும் வேவு பார்ப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78வது பிரிவுப்படி குற்றம். கணவனுக்கு விலக்கு என்று அதில் எழுதவில்லை. 2005ம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி, அடித்தால் மட்டும் அல்ல, கூலியைப் பிடுங்கினாலும் புகார் செய்யலாம். ஜில்லாவில் பாதுகாப்பு அதிகாரி இருக்கிறார். 181க்கு எந்த நேரமும் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 112. வக்கீல் வேண்டுமானால் 15100. பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவசம்.

ஆண் தோழர்களே! மில் கேட்டில் வாட்ச்மேன் பையைத் துழாவினால் நமக்கு ரத்தம் கொதிக்கிறது. மில் விடுதியில் பெண்களுடைய போனை வார்டன் வாங்கி வைத்தபோது இதே மேடையில் முழங்கினோம். வீட்டுக்குப் போய் மனைவியின் போனைத் துழாவுகிறவன் அதே வாட்ச்மேன் உத்தியோகத்தைத்தான் பார்க்கிறான், அதுவும் சம்பளம் இல்லாமல்! ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் தம்பிகளும் இங்கே இருக்கிறீர்கள். சிநேகிதன் கேட்டான் என்பதற்காக அவன் சம்சாரத்தின் போனில் எதையும் ஏற்றிக் கொடுக்காதீர்கள்.

எங்கள் பகுதிப் பெண்கள் செய்து கொண்ட ஓர் ஏற்பாட்டைச் சொல்லி விடுகிறேன். நாலு பேர் தங்களுக்குள் ஒரு வாசகம் பேசி வைத்தார்கள். "ரேஷனில் பாமாயில் போட்டாச்சா?" என்று ஒருத்தி கேட்டால், உடனே அவள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். "சர்க்கரை போட்டாச்சா?" என்றால் வர வேண்டாம், 112க்குப் பேசு என்று அர்த்தம். அவன் பக்கத்தில் நின்றாலும் கேட்கலாம், படித்தாலும் ஒன்றும் புரியாது. நான் சொன்னேனே, அந்த நூல் மில் பெண், போன மாசி மாதம் ஒரு ராத்திரி பாமாயில் கேட்டாள். மூன்று பேர் போய் வாசலில் நின்றார்கள். இப்போது தாய் வீட்டிலிருந்து வேலைக்கு வருகிறாள். வாட்ஸ்அப் முடிச்சை மறுநாள் காலையில்தான் அவிழ்த்தோம்.

இந்த வாசகம் இப்போது ஊருக்கே தெரிந்து விட்டதால் அவர்கள் வேறு வைத்துக் கொண்டு விட்டார்கள். நீங்கள் உங்களுடையதைப் பேசிக் கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்க ஆபீஸில் இரண்டு தோழியர் இருப்பார்கள். போனை வீட்டில் வைத்து விட்டு வாருங்கள்.