கேள்வி கேட்பவன் கடவுளா?

(ஒரு படிப்பகத்தின் ஆதரவில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



பண்புவழி ஆராய்ச்சி முறைகளை, அமைப்பியலுக்குப் பிந்திய சிந்தனை, மனிதமையத்தைக் கடந்த சிந்தனை ஆகிய இரண்டையும் கொண்டு மறுபரிசீலனை செய்வது என்று இன்றைய பேச்சுக்குத் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பைப் பார்த்த பிறகும் நீங்கள் இவ்வளவு பேர் வந்து உட்கார்ந்திருப்பது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் தோழர்களே, பெயர்தான் பூதமே ஒழிய விஷயம் பூதமல்ல. ஒருவரைக் கேள்வி கேட்டு, அவர் சொன்னதை எழுதிக்கொண்டு, "இதுதான் உண்மை" என்று புத்தகம் போடுகிறார்களே, அந்த உண்மை எங்கே, எப்படி, யாரால் உண்டாயிற்று என்பதுதான் விஷயம்.

மக்களைப் பற்றிய ஆராய்ச்சி இருவிதம். ஒன்று, எத்தனை பேர், எவ்வளவு கூலி, எத்தனை சாவு என்று எண்ணிக் கணக்கெடுப்பது. மற்றொன்று, மக்களோடு பேசியும், கூட இருந்து பார்த்தும் அவர்கள் வாழ்வு எத்தன்மையது என்று அறிவது. இந்த இரண்டாவதற்குத்தான் பண்புவழி ஆராய்ச்சி என்று பெயர். "எண்ணிக்கைக்காரர்கள் மக்களைத் தலைகளாக எண்ணினார்கள், நாங்கள்தான் அவர்களை வாய் திறந்து பேசவிட்டோம்" என்று இதைச் செய்கிறவர்கள் பெருமை கொள்வதுண்டு. நியாயமான பெருமைதான். ஆனால் பேசவிட்டவருடைய காதில் என்ன விழுந்தது, அவருடைய கை என்ன எழுதிற்று என்று நாம் பார்க்க வேண்டாமா?

பொதுப்படப் பேசுவதைவிட ஓர் உதாரணத்தைச் சொல்லுகிறேன். அமெரிக்காவில் சிக்காகோ பட்டணத்தை அடுத்த சிசரோ என்னும் ஊரில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலை இருந்தது. டெலிபோன் சாமான்கள் செய்யும் இடம். விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் வேலை கூடுமா என்று அங்கே 1924-இல் சோதிக்கத் தொடங்கினார்கள். வெளிச்சத்தைக் கூட்டியபோதும் வேலை கூடிற்று; குறைத்தபோதும் கூடிற்று. ஒரு சோதனையில் நிலா வெளிச்சம் அளவுக்குக் குறைத்தும், அந்தப் பெண்கள் தங்கள் வேலையைக் குறையாமல் செய்தார்கள். பரீட்சை செய்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பிறகு 1927-இல், ரிலே என்னும் சிறு மின்சாரக் கருவியைப் பூட்டுகிற ஐந்து பெண்களைத் தனியறையில் உட்காரவைத்தார்கள். முடித்த ஒவ்வொரு ரிலேயையும் அவள் ஒரு துவாரத்தில் போட்டவுடன், ஓடிக்கொண்டிருக்கும் காகித நாடாவில் ஒரு ஓட்டை விழும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் குறித்துக்கொள்ளுவார். ஓய்வு கொடுத்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்தார்கள், கூலி கணக்கிடும் விதத்தை மாற்றினார்கள். வேலை கூடிற்று. "எங்களைக் கவனிக்கிறார்கள் என்ற சந்தோஷமும், மனித உறவுமே இதற்குக் காரணம்" என்பதாக ஒரு கதை பிறந்து உலகமெல்லாம் பரவிற்று. ஆனால், அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று அந்த ஐவரில் இருவரை 1928-இல் வெளியேற்றிவிட்டு வேறு இருவரைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்பது அந்தக் கதையில் அடிபட்டுப் போயிற்று. கூலி முறையை மாற்றியதும், அதட்டி வேலை வாங்கியதும் எங்கே போயிற்று என்று 1967-இல் அலெக்ஸ் கேரி என்ற ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டும்படி ஆயிற்று.

நிற்க. இதே தொழிற்சாலையில் 1928 முதல் 1930 வரை 20,000-க்கு மேற்பட்ட தொழிலாளிகளைப் பேட்டி கண்டார்கள். முதலில் கேள்விகளை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போனார்கள். தொழிலாளியோ கேட்டதை விட்டு வேறு எதையோ பேசினான். ஆகவே 1929-இல் முறையை மாற்றி, "அவன் எதை வேண்டுமானாலும் பேசட்டும், நாம் கேட்டுக்கொண்டிருப்போம்" என்று தீர்மானித்தார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் கேட்டதை என்ன செய்தார்கள்?

1939-இல் இந்த ஆராய்ச்சியைப் பற்றி ரோத்லிஸ்பர்கர், டிக்சன் என்ற இருவர் எழுதிய புத்தகத்தில் ஒரு தொழிலாளியைப் பற்றிச் சொல்லுகிறார்கள். அவன் பீஸ் ரேட் போதவில்லை என்று குறை சொன்னான். பேச்சு வளர்ந்தபோது, அவன் மனைவி ஆஸ்பத்திரியில் இருப்பதும், வைத்தியச் செலவைப் பற்றி அவன் கவலைப்படுவதும் தெரிந்தது. உடனே ஆராய்ச்சிக்காரர், வெளியே தெரியும் குறை கூலி, உள்ளே மறைந்திருக்கும் குறை மனைவியின் நோயால் வந்த பணக்கஷ்டம் என்று பிரித்துவிட்டார். எப்படி இருக்கிறது பாருங்கள்! மனைவிக்கு வைத்தியம் பார்க்கக் கூலி போதாது என்றால், கூலி போதாது என்பதுதானே அர்த்தம்? அவன் சொன்னதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதிக்கொண்டே, அவன் சொன்னதை இல்லாமல் செய்துவிட்டார்கள். கூலிக்கோரிக்கை மனக்கவலை ஆகிவிட்டது. 1936-இல் அந்தக் கம்பெனி, தொழிலாளிகளின் குறையைக் காதால் கேட்பதற்கென்றே ஆட்களை நியமித்தது. குறையைத் தீர்ப்பது அவர்களுடைய வேலை அல்ல!

இந்த இடத்தில்தான் நான் சொன்ன இரண்டு சிந்தனைகளும் நமக்கு வேண்டியிருக்கின்றன.

முதலாவது, அமைப்பியலுக்குப் பிந்திய சிந்தனை. சொல்லுக்குள் அர்த்தம், தேங்காய்க்குள் பருப்புப்போல் முன்னமேயே அடங்கியிருக்கவில்லை. மற்றச் சொற்களோடு அதற்குள்ள வேற்றுமையினால்தான் அர்த்தம் உண்டாகிறது, அதுவும் நிலையாக நிற்பதில்லை என்று 1967-இல் பிரெஞ்சு தேசத்து டெரிடா எழுதினார். மனிதனுடைய உள்ளத்தில் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது, அதை வாய்விட்டுச் சொல்லவைப்பதே அறிவு என்ற பழக்கம் பாவசங்கீர்த்தனத்திலிருந்து வைத்தியர் அறைக்கும் மற்ற இடங்களுக்கும் பரவிற்று என்று 1976-இல் பூக்கோ எடுத்துக் காட்டினார். கேட்பவர் மௌனமாக இருந்தாலும் அதிகாரம் அவரிடம்தான் இருக்கிறது. ஏனெனில், சொன்னதற்கு இன்னதுதான் அர்த்தம் என்று முடிவு கட்டுகிறவர் அவர்தான். ஹாதார்ன் தொழிலாளியின் கதி இதுதானே?

இரண்டாவது, மனிதமையத்தைக் கடந்த சிந்தனை. "மனிதனைக் கடப்பதா? நாம் மனிதத் தன்மை வேண்டும் என்றல்லவா பாடுபடுகிறோம்!" என்று உங்களில் சிலர் ஆட்சேபிக்கலாம். எந்த மனிதன் என்று கேட்டுப் பாருங்கள். 1789-இல் பிரான்சில் மனித உரிமைப் பிரகடனம் செய்தார்கள். அதில் எங்கள் பங்கு எங்கே என்று 1791-இல் பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதிய ஒலிம்ப் தெ கூழ் என்ற அம்மையார் 1793-இல் தலை வெட்டப்பட்டார். மனிதன் என்று பொதுவாகச் சொல்லி, சொத்துள்ள வெள்ளை ஆண்பிள்ளை ஒருவனையே மனத்தில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதனை நடுப்பீடத்திலிருந்து இறக்குவதால் மற்ற மனிதர்களுக்கு என்ன நஷ்டம்?

அதோடுகூட, அறிவு மனிதன் மண்டைக்குள் மாத்திரம் உண்டாவதில்லை என்றும் இவர்கள் சொல்லுகிறார்கள். அளக்கும் கருவியும் அளக்கப்படும் பொருளும் சேர்ந்துதான் பெறுகிற முடிவு உண்டாகிறது என்ற பௌதிக அறிஞர் போரின் கருத்தை விரித்து, 2007-இல் கேரன் பராட் என்ற பௌதிக ஆராய்ச்சியாளர் ஒரு நூல் எழுதினார். ஹாதார்ன் அறைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். தனியறை, காகித நாடா, கூலிக்கணக்கு, பக்கத்தில் இருந்த எழுத்தர், எல்லாம் சேர்ந்துதான் அந்த ரிலே எண்ணிக்கை உண்டாயிற்று. "மனித உறவு" என்று ஒன்றை மாத்திரம் பிரித்தெடுத்ததால்தான் மற்றவை மறைந்துபோயின.

இதையெல்லாம் கொண்டு, பேட்டி எடுத்துத் துண்டு துண்டாக வெட்டித் தலைப்புக் கொடுத்து அடுக்கினால் உண்மை கிடைத்துவிடும் என்ற வாடிக்கையை அமெரிக்காவில் எலிசபெத் செயின்ட் பியர் போன்றவர்கள் கண்டிக்கிறார்கள். கனவும், உணர்ச்சியும், பிறர் சொன்ன மறுமொழியும் ஆராய்ச்சிப் பொருளல்லவா, அவற்றுக்குப் பட்டியலில் ஏன் இடமில்லை என்று அவர் 1997-இல் கேட்டார்.

தோழர்களே! இங்கே நமக்கு ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "எல்லாம் பேச்சினால் உண்டானதுதான் என்றால், பேய் இருக்கிறது என்பதும் ஒரு பேச்சு, இல்லை என்பதும் ஒரு பேச்சு, உங்கள் பகுத்தறிவுக்கு என்ன தனி யோக்கியதை?" என்று புராணக்காரர்கள் இந்தக் கத்தியைத் திருப்பிப் பிடிக்கலாம். அவர்களுக்குப் பதில் என்ன?

1988-இல் டோனா ஹாராவே என்ற அமெரிக்க அறிஞர் நல்ல பதில் சொல்லியிருக்கிறார். எங்கும் நிற்காமல் எல்லாவற்றையும் பார்ப்பதாகப் பாவனை செய்வதற்கு அவர் கடவுள் தந்திரம் என்று பெயர் வைத்தார். "நான் சொல்வதே நடுநிலையான உண்மை" என்று சொல்பவனும் இந்தத் தந்திரம் செய்கிறான். "எல்லாம் ஒன்றுதான், எதுவும் உண்மையில்லை" என்று சொல்பவனும் அதையேதான் செய்கிறான். இருவரும் தாங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லுவதில்லை. ஆகையால் இருவரையும் யாரும் பிடித்துக் கேட்க முடிவதில்லை. நான் இங்கே நின்றேன், இதைக் கொண்டு பார்த்தேன், இவ்வளவுதான் தெரிந்தது என்று சொல்பவனைத்தான் தப்பு என்று காட்டித் திருத்த முடியும். பேய் கண்டேன் என்பவரை, எங்கே நின்றீர், என்ன வெளிச்சம், கூட யார் என்று கேட்டுப் பாருங்கள். பேய் ஓடிவிடும்! நாடாவில் விழுந்த ஓட்டை நிஜம். மனைவியின் நோய் நிஜம். கூலி போதாததும் நிஜம். அவற்றுக்கு யார் என்ன பெயர் வைத்தார் என்று கேட்பதால் அவை பொய்யாகிவிடா. பெயர் வைத்தவர் அம்பலப்படுவார், அவ்வளவுதான்.

இந்தப் புதிய பண்டிதர்களும் குற்றமற்றவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இவர்களில் பலர் எழுதுவது சாமானியருக்குப் புரிவதில்லை. புரியாமல் எழுதுவதே மேதாவித்தனம் என்றால் அது மந்திரம் ஓதுவதில் சேர்ந்ததே தவிர ஆராய்ச்சியில் சேர்ந்ததல்ல. முறையே வேண்டாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். முறை இல்லாவிட்டால் அவர் செய்ததை மற்றொருவர் சோதிப்பது எப்படி? முறையை வணங்கவும் வேண்டாம், எறியவும் வேண்டாம். அதையும் விசாரணைக் கூண்டில் ஏற்றுங்கள் என்பதே என் அபிப்பிராயம்.

ஆகவே, இனி ஒரு ஆராய்ச்சி அறிக்கை உங்கள் கைக்கு வந்தால் சில கேள்விகள் கேளுங்கள். கேட்டவர் யார், அவருக்குப் பணம் கொடுத்தவர் யார்? எந்த இடத்தில், யார் எதிரில் கேட்டார்? படிவத்தில் எதற்குக் கட்டம் இல்லை? பதில் சொன்னவர் எந்த இடத்தில் மௌனமானார், அந்த மௌனத்தை என்னவென்று எழுதினார்கள்? எழுதியதைச் சொன்னவரிடமே படித்துக் காட்டினார்களா? "நான் சொன்னது அதுவல்ல" என்று சொல்ல அவருக்கு இடம் இருந்ததா? இவற்றுக்குப் பதில் இல்லாத அறிக்கையைப் பாதி அறிக்கை என்றே கொள்ளுங்கள்.

வேதம் என்றால் யார் எழுதியது என்று கேட்கப் பழகிய நாம், விஞ்ஞானம் என்று அச்சடித்து வந்ததை மாத்திரம் கேட்காமல் விடலாமா? கேட்பது விஞ்ஞானத்துக்கு விரோதமல்ல, அதுதான் விஞ்ஞானம். நான் இப்போது சொன்னதற்கும் இதே சட்டம்தான். நான் படித்தவன், மேடையில் நிற்கிறவன், நீங்கள் கீழே உட்கார்ந்திருக்கிறீர்கள். இதுவும் ஒரு அதிகாரம்தான். இதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, சரி என்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். இனி நீங்கள் கேளுங்கள், நான் பதில் சொல்லுகிறேன்.