கடைசி ஊசிக்குப் பிறகு



வானொலியில் புற்றுநோய் பற்றிய பேச்சு பெரும்பாலும் அறிகுறிகளோடு நின்றுவிடும். மார்பில் கட்டி தட்டுப்படுகிறதா பாருங்கள், வாய்ப்புண் ஆறாமல் இருந்தால் உடனே காட்டுங்கள் என்பார்கள். அவசியமான பேச்சுதான் அது. நான் இன்று அதற்கு அடுத்து வரும் காலத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆபரேஷன் முடிந்தது, கீமோ முடிந்தது, கதிர்வீச்சும் முடிந்தது. "ஆறு மாசம் கழிச்சு வாங்கம்மா" என்று டாக்டர் சிரித்த முகத்தோடு அனுப்பி வைக்கிறார். அந்த ஆறு மாதத்துக்குள் உடம்பு ஏதாவது சொன்னால் யாரிடம் போவது?

கெடாவில் பீடோங் பக்கம் ஒரு அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். வயது ஐம்பத்தைந்து. இளவயதில் அம்மாவோடு பால்மரம் வெட்டப் போனவர். தோட்டம் செம்பனையாக மாறியபின் லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்து, சுங்கை பட்டாணியில் தொழிற்சாலை வேலை பார்த்தவர். மார்பகப் புற்றுநோய்க்குப் பினாங்கில் சிகிச்சை எடுத்து முடித்துவிட்டார். இப்போது ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை வீங்குகிறது. பாதம் மரத்துப்போகிறது. இரவில் உடம்பு கொதித்துத் தூக்கம் கலைகிறது. பழைய சர்க்கரை நோய் வேறு. பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போனால், "அதையெல்லாம் பினாங்கிலேயே கேளுங்க" என்கிறார்கள். பினாங்கில் கேட்டால், "சர்க்கரைக்கு உங்க கிளினிக்கைப் பாருங்க" என்கிறார்கள். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். அந்த இடைவெளியில் நிற்பவர் அந்த அம்மா.

சிகிச்சைக்குப் பிந்தைய இந்தக் காலத்தைப் பற்றி முதலில் தெளிவாக எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் ஃபிட்ஸ்ஹ்யூ முல்லன் என்ற அமெரிக்க மருத்துவர். 32 வயதில் அவருக்கே நெஞ்சுக்கூட்டில் புற்றுநோய் வந்தது. 1985இல் ஒரு மருத்துவ இதழில் அவர் எழுதிய கட்டுரை, பிழைத்தெழுவதை ஒரே நாளில் நடக்கும் காரியமாகப் பார்க்காமல், பருவம் பருவமாகக் கடக்க வேண்டிய வாழ்க்கையாகப் பார்த்தது. நோயைக் கண்டு சிகிச்சை பெறும் பருவம் ஒன்று. சிகிச்சை முடிந்து, திரும்பி வருமோ என்ற பயத்தோடு காத்திருக்கும் பருவம் இன்னொன்று. அதையும் தாண்டி நோய் அநேகமாகத் திரும்பாது என்று ஆன பிறகும், பட்ட பாடு உடம்பிலும் வேலையிலும் குடும்பத்திலும் தங்கிவிடும் நீண்ட பருவம் மூன்றாவது. 2005இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் வெளியிட்ட பெரிய அறிக்கையும் இதைத்தான் சொன்னது: சிகிச்சையிலிருந்து அன்றாட வாழ்வுக்கு மாறும் இடத்தில்தான் நோயாளிகள் தொலைந்துபோகிறார்கள்.

சரி, ஊர் கிளினிக் டாக்டரை நம்பி இந்த ஆட்களை ஒப்படைக்கலாமா? நியாயமான சந்தேகம். ஈவா கிரன்ஃபெல்ட் என்ற ஆராய்ச்சியாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். முதலில் இங்கிலாந்தில், 1996இல் வெளியான ஆய்வு. பிறகு கனடாவில் 968 பெண்களோடு இன்னும் பெரிய ஆய்வு, 2006இல் வெளியானது. ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவர்களைச் சீட்டுப்போட்டுப் பிரித்தார்கள். பாதிப் பேரைப் புற்றுநோய் நிபுணர்களும் மீதிப் பேரைக் குடும்ப மருத்துவர்களும் தொடர்ந்து பார்த்தார்கள். நோய் திரும்பி அதனால் பெரிய ஆபத்தில் சிக்கியவர்கள் குடும்ப மருத்துவர் பக்கம் 3.5 விழுக்காடு, நிபுணர் பக்கம் 3.2 விழுக்காடு. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அந்தக் கனடா டாக்டர்கள் வெறுங்கையோடு விடப்படவில்லை. எதை எப்போது பார்க்க வேண்டும், எதைக் கண்டால் திருப்பி அனுப்ப வேண்டும் என்று அவர்கள் கையில் வழிகாட்டிக் குறிப்பு இருந்தது. என் பேச்சின் மையமே அந்தக் காகிதம்தான்.

நம் மலேசியாவுக்கு வருவோம். 2018இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட ஆய்வின்படி, மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுவோர் கிட்டத்தட்ட 67 விழுக்காடு. இன்னும் கூட வேண்டும், கூட்ட முடியும். ஆனாலும் மூன்றில் இரண்டு பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள் என்றால், அந்த ஆண்டுகளை எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்க வேண்டாமா?

மலாயாப் பல்கலைக்கழகத்தில் நோய்ப்பரவலியல் ஆய்வாளராகப் பணியாற்றிய டாக்டர் நிர்மலா பூபதி கேட்டார். தென்கிழக்காசியாவின் எட்டு நாடுகளில் 9,513 புற்றுநோயாளிகளை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. ஓராண்டு முடிவில் 29 விழுக்காட்டினர் இறந்துவிட்டார்கள். 48 விழுக்காட்டினர் உயிரோடிருந்தும் வீட்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகிலோ அதற்கு மேலோ நோய்க்குச் செலவழித்து நொடித்திருந்தார்கள். மலேசியப் பகுதியை நிர்மலாவும் அவரது குழுவினரும் தனியாக ஆராய்ந்து 2019இல் எழுதினார்கள். அதில் என்னை உலுக்கிய எண் ஒன்று உண்டு. சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில், அதாவது சிகிச்சை ஏறக்குறைய இலவசமாகவே கிடைக்கும் இடங்களில், 33 விழுக்காட்டினர் அப்படி நொடித்துப்போனார்கள்.

இலவச மருத்துவமனையில் எப்படி நொடிப்பது என்று கேட்பவர்கள் பாலிங்கிலிருந்தோ சிக்கிலிருந்தோ பினாங்குக்கு ஒரு நாள் போய்வந்து பார்க்கட்டும். விடியுமுன் கிளம்ப வேண்டும். துணைக்கு ஒருவர் வேண்டும். அந்த ஒருவரின் நாட்சம்பளம் போச்சு. சாப்பாடு, கார் எண்ணெய், டோல். கதிர்வீச்சுக்குக் கெடாக்காரர்கள் பல ஆண்டுகளாகப் பாலம் தாண்டித்தான் போய்வந்திருக்கிறார்கள். சுங்கை பட்டாணியில் வட மாநிலங்களுக்கான புற்றுநோய் மையம் என்ற திட்டம் வந்தபோது நான் மனமார மகிழ்ந்தேன். ஆனால் கட்டடம் சிகிச்சையைத்தான் பக்கத்தில் கொண்டுவரும். சிகிச்சைக்குப் பிந்தைய பதினைந்து இருபது ஆண்டுகளை யார் பார்ப்பது என்ற கேள்விக்குக் கட்டடத்தால் பதில் சொல்ல முடியாது.

அந்த ஆண்டுகளில் என்னென்ன வரலாம் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கேளுங்கள். கீமோவில் ஏற்றும் அந்தச் சிவப்பு மருந்து இருக்கிறதே, டாக்ஸோரூபிசின், அது சிலருக்கு இதயத்தைப் பலவீனப்படுத்தும். பல ஆண்டு கழித்தும் வெளிப்படலாம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லும்போது, வயசாயிடுச்சு என்று தள்ளிவிடக் கூடாது. ஐந்து ஆண்டு, சிலருக்குப் பத்து ஆண்டு சாப்பிடும் டாமோக்ஸிஃபென் மாத்திரை கருப்பையின் உள்சுவரைத் தடிக்கச் செய்யும். மாதவிலக்கு நின்றவர்களுக்கு மறுபடி இரத்தம் கண்டால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் எலும்பைத் தேய்க்கும். அக்குளில் நெறிகட்டிகளை எடுத்த பக்கத்துக் கை வீங்கினால் ஆரம்பத்திலேயே பயிற்சியும் கட்டும் வேண்டும், முற்றினால் இறங்காது. பாதம் மரத்துப்போவது கீமோவாலா, சர்க்கரையாலா? 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில், நம் இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மூன்றில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, புற்றுநோயை வென்ற நம் ஆட்களை மாரடைப்பும் சிறுநீரகக் கோளாறும் வழியில் மடக்கக் காத்திருக்கின்றன. அவற்றைத் தடுக்கும் இடம் பினாங்கு அல்ல, மருந்துச் சீட்டோடு மாதாமாதம் போகிற நம் கிளினிக்தான்.

வாய்ப் புற்றுநோயைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். வெற்றிலை பாக்கு போடும் பழக்கத்தால் தோட்டத்து மூத்த பெண்களை அதிகம் தாக்கிய நோய் அது. தாடையில் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு எச்சில் வற்றும், பல் சொத்தையாகும். பல ஆண்டு கழித்து அந்தத் தாடையில் ஒரு பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகிவிடும் ஆபத்து உண்டு. கூலிமில் இருக்கும் பல் டாக்டருக்கு அது தெரிந்திருந்தால் அவசரப்படாமல் மருத்துவமனையைக் கேட்பார். அவருக்குத் தெரியாவிட்டால்? நோயாளிக்கும் சொல்லத் தோன்றாவிட்டால்?

இப்படித் தெரிந்துவைத்திருக்க, தோட்டங்களில் ஒரு காலத்தில் டிரெசர் என்ற மருத்துவ உதவியாளர் இருந்தார். 1965ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைப் பதிவு பெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர் என்று ஆக்கியது. அவர் நிர்வாகத்திடம் சம்பளம் வாங்கியவர்தான், அவருக்குத் தெரிந்த வைத்தியமும் கொஞ்சம்தான். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த லயத்தில் யாருக்கு என்ன ஆபரேஷன் நடந்தது என்பது அவருக்குத் தெரியும். தோட்டங்கள் கலைந்து மக்கள் தாமான்களுக்குச் சிதறியபோது, அப்படித் தெரிந்துவைத்திருந்த ஒரு ஆளை இழந்தோம்.

அந்த இழப்பை ஈடுகட்ட வெளிநாட்டு முறை எதையும் இறக்குமதி செய்யத் தேவையில்லை. கர்ப்பிணிகளுக்காக இந்த நாடு ஏற்கெனவே ஒன்றைச் செய்துவைத்திருக்கிறது. பிள்ளை பெற்ற தாய்மார்கள் எல்லோருக்கும் அந்தப் பிங்க் புத்தகம் தெரியும். அதில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், எழுதுவார், கிளினிக் டாக்டர் எழுதுவார், பெரிய ஆஸ்பத்திரி நிபுணரும் அதிலேயே எழுதுவார். ஆபத்தின் அளவுக்கு ஏற்ப வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் ஒட்டுவார்கள். வெள்ளை என்றால் மிஸ்ஸியே பார்க்கலாம், சிவப்பு என்றால் நேராக ஆஸ்பத்திரி. புத்தகம் தாயின் கையில் இருக்கும். கம்போங்கில் இருந்தாலும் தோட்டத்தில் இருந்தாலும் அந்த நிறத்தைப் பார்த்து எங்கே போக வேண்டும் என்று முடிவாகும். புற்றுநோயிலிருந்து மீண்டவருக்கு இதே போல ஒரு புத்தகம் ஏன் இருக்கக் கூடாது? என்ன சிகிச்சை, எந்த மருந்து எவ்வளவு, எந்தப் பக்கம் கதிர்வீச்சு, இனி எதைக் கிளினிக் பார்க்கும், எதைப் பினாங்கு பார்க்கும். தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய அம்மாக்களுக்காகத் தமிழிலும் ஒரு பக்கம்.

கிளினிக்குகளில் ஏற்கெனவே காலை ஏழு மணிக்கே கூட்டம், இதையும் சுமத்தலாமா என்று டாக்டர்கள் கேட்பார்கள். கேட்பது சரி. ஆனால் இந்த நோயாளிகள் புதிதாக வரப்போகிறவர்கள் இல்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஏற்கெனவே அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள். வழிகாட்ட ஒரு ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. கிள்ளான் அரசு மருத்துவமனையில் 2014 தொடங்கி மலேசியப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு ஒரு திட்டம் நடத்தியது. மகேஸ்வரி ஜெகநாதன் போன்றோர் அதில் பாடுபட்டார்கள். மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களுக்குத் தேதி நினைவூட்டுவது, வீட்டுச் சிக்கலைக் கேட்பது, பயத்தைப் பேசித் தீர்ப்பது, இவைதான் வேலை. சிகிச்சையிலிருந்து விலகிப்போவோர் முந்தைய ஆண்டின் 11.5 விழுக்காட்டிலிருந்து 4.4 ஆகக் குறைந்தார்கள். கிள்ளானில் முடிந்தது கெடாவிலும் முடியும். சிகிச்சை முடிந்த பின்னும் அந்த ஆள் தொடர வேண்டும் என்பது என் கோரிக்கை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பெக்கா பி40 திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிக்க 1,000 ரிங்கிட்டும் போக்குவரத்துக்கு உதவியும் வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அதுவும் சிகிச்சை முடியும் இடத்தில் முடிந்துவிடுகிறது.

புத்தகம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ துணைக்குப் போகும் மகனும் மகளும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த அப்பாயின்மென்டில் டாக்டரிடம் சிகிச்சைச் சுருக்கக் கடிதம் ஒன்று எழுதித் தரச் சொல்லுங்கள். மருந்தின் பெயர்களும் கதிர்வீச்சு எந்த இடத்துக்கு என்பதும் அதில் இருக்கட்டும். எந்த அறிகுறிக்கு உடனே வர வேண்டும் என்று கேட்டு, அதையும் எழுதி வாங்குங்கள். பிரதி எடுத்து ஒன்றைக் கிளினிக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். அங்கே குடும்ப மருத்துவ நிபுணர் எந்த நாளில் வருகிறார் என்று கவுண்டரில் விசாரித்து, அவரையே ஒருமுறை பார்த்துவிடுங்கள். இன்னொரு பிரதி பல் டாக்டருக்கு. மூலக் கடிதம் அடையாள அட்டையோடு கைப்பையிலேயே இருக்கட்டும்.