மாட்டுக்குப் போட்ட ஊசி



குன்னூரில் சிம்ஸ் பூங்காவைத் தாண்டி வரும்போது பாஸ்டர் நிறுவனத்தைப் பார்த்தேன். அங்கே 1918-இல் ஒற்றை அறையில் தொடங்கிய ஆய்வுக்கூடத்தில்தான் மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன் எலிகளுக்கு விதவிதமாகச் சாப்பாடு போட்டுப் பார்த்தார். சத்துக் குறைந்த தீனி தின்ற எலிகள் சிலவற்றுக்கு மூத்திரப்பையில் கல் கண்டது. எலியைக் கேட்டு மனிதனுக்குப் பதில் தேடுவது இந்த ஊருக்குப் புதிதல்ல.

புதிய மருந்தைச் சோதிக்கும்போது சிறுநீரகத்தின் மீது தனிக் கண் வைப்பார்கள். கம்பிவலைத் தரை போட்ட கூண்டில் எலியை விட்டால் புழுக்கை ஒருபுறம் விழும், சிறுநீர் மறுபுறம் சேரும். ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு பார்ப்பார்கள். ஆனால் சிறுநீரகம் ஏறக்குறைய பாதி கெட்ட பிறகுதான் அது ஏறும். திருடன் போன பிறகு குரைக்கிற நாய். அதனால்தான் 2008-இல் அமெரிக்க, ஐரோப்பியக் கட்டுப்பாட்டு அமைப்புகள் எலிச் சோதனையில் கிம்-1 முதலான ஏழு சிறுநீர்க் குறியீடுகளையும் ஏற்றுக்கொண்டன.

எலியில் சோதித்துத் தேறிய மருந்துகளில் ஒன்று டைக்ளோஃபெனாக், 1970-களில் வந்த வலி மருந்து. மூட்டுவலிக்கு நாமும் விழுங்குகிறோம். நான் கால்நடை மருத்துவன். 90-களின் கடைசியில், மடிவீக்கமோ கால்வீக்கமோ, பையில் கைவிட்டால் முதலில் வருவது அந்த ஊசிதான். மறுநாள் மாடு எழுந்து மேயும். கைராசிக்காரர் என்று பெயரும் வாங்கினேன்.

பிழைக்காத மாட்டைப் பாறுகள் என்னும் பிணந்தின்னிக் கழுகுகள் தின்றன. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. காரணம் 2004-இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வில் தெரிந்தது. பறவை யூரியாவாக அல்ல, யூரிக் அமிலமாகக் கழிவைத் தள்ளுகிறது. செத்த மாட்டின் இறைச்சியோடு உள்ளே போன அந்த மருந்து பாறின் சிறுநீரகத்தை அடைத்துவிட, செத்த பறவையை அறுத்தால் இதயம், ஈரல் எல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன. எலியையும் மனிதனையும் கேட்டுத்தான் ‘பாதுகாப்பானது’ என்றோம். பிணம் தின்னும் பறவையை யாரும் கேட்கவில்லை.

விலங்குச் சோதனையே வேண்டாம், மனிதச் செல் போதும் என்று இப்போது சொல்கிறார்கள். நம் நாட்டு விதிகளிலும் 2023-இல் அதற்கு இடம் வந்துவிட்டது. எலிகள் தப்பிப்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மனிதச் செல் பாறின் கதையைச் சொல்லியிருக்காது. மாற்று மருந்தான மெலாக்சிகாமைப் பாறுகளிடமே சோதிக்க வேண்டியிருந்தது. அழியும் இனத்தை எப்படிப் பலிகொடுப்பது? முதலில் ஆப்பிரிக்காவின் உறவுக்கார இனத்தில், காயம்பட்டுக் காட்டுக்குத் திரும்ப முடியாத பறவைகளுக்கு, சிறு அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினார்கள். அவை பிழைத்த பிறகுதான் நம் இனங்களின் முறை வந்தது. முடிவு 2006-இல் வெளியானது. அதே ஆண்டில் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கும் இங்கே தடையானது.

தடை ஆனாலும் மனிதருக்கான 30 மில்லி குப்பி மாட்டுக்கு வசதியாக இருந்தது. 2015-இல் 3 மில்லிக்கு மேல் குப்பி கூடாது என்றார்கள். ஏசிக்ளோஃபெனாக் என்ற இன்னொரு வலி மருந்து மாட்டின் உடம்புக்குள்ளேயே டைக்ளோஃபெனாக்காக மாறிவிடும். அதைத் தடுக்க 2023 வரை ஆயிற்று.

கல்லட்டி மலைப்பாதையில் இறங்கினால் மசினகுடி. அதற்கப்பால் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. போன மாதம் அங்கே ஒரு பெரியவரின் மாட்டுக்கு மெலாக்சிகாம் போட்டேன். மருந்தின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தவர், “அந்தப் பழைய ஊசி இல்லீங்களா, டாக்டரே? அதுதான் சட்டுன்னு கேட்கும்” என்றார். எனக்குக் கைராசிப் பெயர் வாங்கித் தந்த ஊசியைத்தான் அவர் கேட்டார்.