நுரையில்லா நீர்



சித்தாண்டியிற் பிறந்த நமக்கு நீச்சல் ஒரு வித்தையன்று. சந்தனமடு ஆற்றிலும் குளங்களிலும் விழுந்தெழுந்து வளர்ந்தவர்கள் நாம். அந்தத் துணிவோடுதான் சென்ற தை மாதத்தில் நாங்கள் ஐவர் சைக்கிளேறி, வந்தாறுமூலையைக் கடந்து, களுவன்கேணிக்கு அப்பால் ஒதுக்கமான கடற்கரையொன்றில் இறங்கினோம். ஒரேயொரு மீன்வாடி, உயிர்காக்கும் காவலர் எவருமில்லை.

அழகான இடந்தான். மணல்மேடெங்கும் அடம்பன்கொடி, இராவணன்மீசை காற்றில் உருண்டோடுகிறது. ஆயினும் பாசிக்குடாவின் வளைந்த குடாவும் முருகைக்கல் அரணும் இங்கில்லை. கிழக்கே நிக்கோபார்த் தீவுகள்வரை, ஆயிரங் கிலோமீற்றருக்கு மேல், வெறுங் கடல். வாடைக்காற்று உருட்டிவரும் அலை முழுப்பலத்துடன் இங்கே மோதுகிறது.

அலை நுரைத்து விழும் இடங்களை அஞ்சி, நடுவே நுரையின்றிக் கறுத்துக் கிடந்த நீரிலே இறங்கினோம். அதுவே பிழை. கரையோர நீருக்கடியில் மணல்திட்டு உண்டு. அதன்மேல் உடையும் அலை, நீரைக் கரைப்பக்கம் குவிக்கின்றது. குவிந்த நீர் திட்டின் இடைவெளியாற் கடலுக்குத் திரும்புகின்றது. அவ்விடம் ஆழமாதலால் அலை உடைவதில்லை. பார்ப்பவனுக்கு அமைதியாய்த் தோன்றும். அந்த இழுப்பு கடுமையானால் செக்கனுக்கு இரண்டு மீற்றர்வரை ஓடும். ஒலிம்பிக் வீரனின் வேகமும் ஏறக்குறைய அவ்வளவே! பள்ளியிலே அத்திலாந்திக் சமுத்திரத்து நீரோட்டங்களைப் படம் வரைந்து படித்த நாங்கள், வீட்டருகே ஓடும் இதனைப் பற்றி ஒரு வரியும் படித்ததில்லை.

எங்களில் ஒருவன் இழுபட்டான். கரையை நோக்கி நீந்தினான். நீந்த நீந்தப் பின்னே போனான். ஆற்றோட்டம் கரையோடு செல்லும். இதுவோ கரையைவிட்டுச் செல்வது. நாங்கள் பாயப் போனோம். வாடியில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஓடிவந்து எங்களைத் தடுத்து, “நேரே வராத தம்பி! கரையோட பக்கத்தால போ!” என்று கத்தினார். இழுப்பு ஆளை அமிழ்த்தாது, களைப்புத்தான் கொல்லும் என்று பிறகு அவரே சொன்னார். நண்பன் பக்கவாட்டில் முப்பது யார் நீந்தி நுரைக்குள் புகுந்தான். அலையே அவனைக் கரையிலே தள்ளியது. அன்று மாலைவரை அவன் பேசவில்லை.

அடுத்த வாடைக்கு முன் அங்கே ஓர் எச்சரிக்கைப் பலகையும், கயிறு கட்டிய லொறி டியூப் ஒன்றும் வைக்க எண்ணியுள்ளோம். காப்பாற்றப் பாய்கிறவனே மூழ்குவதுண்டு. எறிவதற்கு மிதக்கும் பொருள் வேண்டும். பலகைக்கு மரம் தர ஒருவர் இசைந்துள்ளார். டியூப் இன்னுங் கிடைக்கவில்லை. வைத்திருப்போர் இக்கூட்டம் முடிந்ததும் எங்களைக் காண்பீர்களாக.