அலைகளின் கணக்கு

மாணவர்களே! கடலில் ஓர் அலையைப்போல் மற்றோர் அலை எழுவதில்லை. அங்ஙனமாயின், "அலையின் உயரம் 2 மீட்டர்" என்னும் அறிவிப்பின் பொருள் யாது?

இரண்டாம் உலகப்போரின்போது, படைகள் கரையிறங்கும் பொருட்டு, கலிபோர்னியாவில் ஸ்வெர்ட்ரூப், மங்க் என்னும் அறிஞர் இருவர் இதற்கு விடை வகுத்தனர். அலைகளை அளந்து வரிசைப்படுத்தி, அவற்றுள் உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரியையே அலையுயரமாகக் கொண்டனர். பழகிய மாலுமியின் கண்மதிப்பும் ஏறத்தாழ இதுவே.

1952-இல் லாங்கே-ஹிக்கின்ஸ், அலையுயரங்கள் பெரும்பாலும் ரேலே பரவல் என்னும் கணித ஒழுங்கில் அமைவதை விளக்கினார். அதன்படி, 1000 அலைகளுள் மிகப் பெரியது, அறிவித்த உயரத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்காகும். 10 விநாடிக்கு ஓர் அலையெனின், 1000 அலைகள் வந்து சேர மூன்று மணி நேரங்கூட ஆகாது.

ஆகவே, 2 மீட்டர் என்று கேட்டுப் படகைத் தள்ளுவோர், 4 மீட்டர் அலையையும் எதிர்நோக்கியே செல்லல் வேண்டும்.