முழங்கால் எனும் அமானிதம்

 

முன்பு பள்ளிவாசலின் ஓரத்தில் ஓரிரு நாற்காலிகளே கிடக்கும். இன்று ஸஃப்பின் இரு முனைகளிலும் அவை வரிசையாய் நிற்கின்றன. அவற்றில் அமர்ந்து தொழுவோரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. மூல நோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழும்படியும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படியும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். (முழங்கால் மடங்காவிடினும் நிற்க இயலுபவர் ஷாஃபிஈ மத்ஹபின்படி நிலையில் நின்றாக வேண்டும், ஹனஃபி மத்ஹபில், ஸுஜூது செய்ய இயலாதவருக்கு இதில் சலுகை உண்டு.) நான் கேட்பது வேறொன்று. நாற்காலி கிடைத்ததும் முழங்காலுக்குரிய சிகிச்சை முடிந்துவிட்டதா? உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்களே!

‘மூட்டுத் தேய்மானம்’ என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. அசைக்காமல் வைத்தால் மிச்சமிருப்பதாவது தேயாமல் நிற்கும் என்றெண்ணி நடையை நிறுத்துகிறோம். தொடைத் தசை மெலிகிறது, உடல் பருக்கிறது, வலி கூடுகிறது. எக்ஸ்ரே படத்தில் மிகவும் தேய்ந்தவருக்கு வலி குறைவாக இருப்பதும் உண்டு. ஆகவே படத்தைக் கண்டே மனமொடிய வேண்டியதில்லை.

எடை 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என 2005-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. வலீமா விருந்தில் இரண்டாம் முறை பிரியாணி கேட்கும் நமக்கு இக்கணக்குக் கசக்கத்தான் செய்யும்.

அடுத்தது உடற்பயிற்சி. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றொரு காலை நீட்டியவாறே ஒரு சாண் உயர்த்தி, 5 விநாடி நிறுத்தி மெல்ல இறக்க வேண்டும், 10 முறை. பிசியோதெரபிஸ்டிடம் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும். இங்கேதான் நாம் தோற்கிறோம். இரண்டு வாரம் செய்து, “ஒன்றும் பயனில்லை” என்று விட்டுவிடுகிறோம். குறைவாயினும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்று பிறருக்குச் சொல்லும் நாம்தான் இப்படிச் செய்கிறோம்! ஃபஜ்ருக்குப் பின்னும் இஷாவுக்குப் பின்னும் எனப் பயிற்சியை வக்தோடு இணைத்துவிட்டால் மறதி வராது.

கைத்தடி ஊன்றுவோர் வலிக்கும் காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும். வலிக்கும் பக்கமே பிடிப்போர் ஏராளம். வலி மாத்திரைகளை நாமாகக் கடையில் வாங்கி விழுங்கினால் இரைப்பையும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளோர் மிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பெயரில்லாப் பொட்டலங்களில் வரும் மூட்டுவலிப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது கண்டறியப்பட்டுள்ளது.

இறுதியாக, நம் வீட்டுப் பெண்களைப் பற்றி. இந்நோய் ஆண்களை விடப் பெண்களையே அதிகம் வருத்துகிறது. ஆண்களுக்குப் பள்ளியில் நாற்காலி கிடைத்துவிட்டது. தாயோ அரிவாள்மனை முன் தரையில் அமர்கிறாள்; குந்தி அமரும் கழிவறையில் எழ முடியாமல் சுவரைப் பற்றித் தடுமாறுகிறாள்; வாய் திறப்பதில்லை. மகன் தைலப் புட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று நினைக்கிறான். இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும், காய் நறுக்க மேசையும் கத்தியும் கொடுங்கள். கழிவறைச் சுவரில் கைப்பிடி ஒன்றைப் பொருத்துங்கள். அஸருக்குப் பின் அவளது நடையின் வேகத்திலேயே தெருமுனை வரை உடன் நடந்து வாருங்கள்.